நத்தானியேல் கிரீன்

நத்தானியேல் கிரீன் (ஆகஸ்ட் 7, 1742 - ஜூன் 19, 1786) அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படும் படைத்தலைவர் ஆவார். போரை ஏற்காத குவேக்கர் குடும்பத்தில் பிறந்த இவர், 1774 இல் தம் ஊரார் தொடங்கிய தொண்டர் படையில் சேர்ந்தார். ஒரு கால் விந்தியதால் அப்படையில் அதிகாரிப் பதவி மறுக்கப்பட்டது. எனினும் விலகாமல் சாதாரணப் படைவீரராகவே பயிற்சி பெற்றார். 1775 மே மாதத்தில் அதே குடியேற்றத்தின் படை முழுவதற்கும் தலைவரானார்.

பிறப்பும் பட்டறை வாழ்வும்

கிரீன், ரோட் ஐலண்ட் குடியேற்றத்தில் வார்விக் நகரை அடுத்த பொட்டோவொமுட் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தையின் பெயரும் நத்தானியேல் என்பதே. தாய் மேரி மோட். குடும்பத்திற்கு நிலமும், அரைவை ஆலையும், கப்பல் நங்கூரங்கள் செய்யும் இரும்புப் பட்டறையும் இருந்தன. வேத நூலும் தொழிலுக்கு வேண்டிய கணக்கும் போதும் என்று தந்தை கருதினார். மகனோ கிடைத்த நூல்களையெல்லாம் படித்தார். பட்டறை வேலையில் ஈட்டிய பணத்தில் நூல்கள் வாங்கினார். 1770 இல் கவென்ட்ரி என்னும் ஊரிலிருந்த குடும்பப் பட்டறையின் பொறுப்பை ஏற்று அங்கே குடியேறினார்.

இளமை முதலே இவருடைய வலக்கால் முட்டி விறைப்பாக இருந்தது. ஆஸ்துமாவும் இவரை வருத்தியது. பெரியம்மைக்குப் போட்டுக்கொண்ட அம்மைப்பால் ஒரு கண்ணில் வடுவை விட்டுச் சென்றது. படைவீரர் ஆவதற்குரிய உடலமைப்பு இவருக்கு வாய்க்கவில்லை என்றே கூற வேண்டும்.

1772 இன் தொடக்கத்தில் கிரீன் குடும்பத்தாரின் ரம் சரக்கை ஏற்றிச் சென்ற பார்ச்சூன் என்ற படகை, சுங்க வரி ஏய்ப்பைத் தடுக்க வந்திருந்த காஸ்பீ என்னும் பிரித்தானியக் கப்பல் கைப்பற்றியது. கிரீன் அக்கப்பலின் தளபதி மீது வழக்குத் தொடுத்து வென்றார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் காஸ்பீ தரைதட்டி நின்றபோது ரோட் ஐலண்ட் மக்கள் அதை எரித்தனர். இதில் கிரீனுக்குப் பங்கில்லை. ஆயினும் பிரித்தானிய ஆட்சியின் மீது அவர் கொண்ட கசப்பு இக்காலத்தில் முற்றியது எனலாம்.

படையில் சேர்ந்ததால் குவேக்கர் சபை இவரை நீக்கியது என்று பல நூல்கள் எழுதுகின்றன. இது காலவரிசைக்குப் பொருந்தவில்லை. சபை இவரை விலக்கி வைத்தது 1773 ஜூலையில். தொண்டர் படை தோன்றியது அதற்கு ஓராண்டுக்கும் மேற்பட்ட பின்னர். தகாத பொது இடம் ஒன்றிற்குச் சென்றதே 1773 இல் கூறப்பட்ட குற்றம். அது மதுக்கடையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

1774 ஜூலை 20 அன்று கேத்தரின் லிட்டில்ஃபீல்டு என்பவரை மணந்தார்.

கென்டிஷ் காவலர் படை

அக்காலத்தில் அமெரிக்கக் குடியேற்றங்களில் குடிப்படை என்னும் அமைப்பு இருந்தது. வயது வந்த ஆண்கள் தத்தம் துப்பாக்கியுடன் குறித்த நாட்களில் கூடிப் பயிற்சி பெற வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இந்நாட்கள் பெரும்பாலும் திருவிழாப் போலக் கழிந்தன. 1774 இல் நிலைமை மாறியது. தேயிலையைக் கடலில் கொட்டியதற்குத் தண்டனையாகப் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. செப்டம்பர் 1 அன்று பாஸ்டனுக்கு அருகே வைக்கப்பட்டிருந்த வெடிமருந்தைப் பிரித்தானியப் படையினர் எடுத்துச் சென்றனர். போர் மூண்டுவிட்டது என்ற வதந்தி அண்டைக் குடியேற்றங்களுக்கும் பரவியது. தம் ஊரைத் தாமே காக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, பல ஊர்களில் தொண்டர் படைகள் எழுந்தன. இவற்றில் சேர்வோர் தம் செலவிலேயே கருவியும் சீருடையும் வாங்கினர். அதிகாரிகளைத் தாமே தேர்ந்தெடுத்தனர்.

ஈஸ்ட் கிரீனிச் நகரில் தோன்றிய கென்டிஷ் காவலர் படை இவற்றுள் ஒன்று. ரோட் ஐலண்ட் சட்டமன்றம் 1774 அக்டோபரில் இதற்குப் பட்டயம் வழங்கியது. படையைத் தொடங்கியோருள் கிரீனும் ஒருவர். ஆகவே லெப்டினண்ட் பதவியேனும் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். ஆனால் கால் விந்தும் ஒருவர் அதிகாரியாக முன்னே நடந்தால் படையின் தோற்றம் கெடும் என்று உறுப்பினர் சிலர் கூறினர். அவர் வரிசையில் நிற்பதே படைக்கு ஒரு குறை என்றும் பேச்சு எழுந்தது.

இதனை வெறும் மனக்கோணல் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்நாளைய துப்பாக்கியின் குறி 100 கஜத்திற்கு அப்பால் நம்பத்தக்கதாக இல்லை. தோட்டாத் தாளைப் பல்லால் கிழித்து, சிறிது மருந்தைத் துப்பாக்கிக் கிண்ணத்தில் இட்டு, எஞ்சிய மருந்தையும் ஈயக் குண்டையும் குழலில் போட்டு, இரும்புக் கோலால் இடித்துக் கெட்டித்த பின்னரே சுட இயலும். நன்கு பழகியவர் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடுவார். எனவே தோளோடு தோள் சேர்ந்து நின்று ஒரே வேளையில் சுடுவதிலும், வரிசை குலையாமல் நடந்து திரும்புவதிலுமே படையின் வலிமை இருந்தது. ஒருவருடைய அடி தவறினால் வரிசை தவறும். பயிற்சியின் பெரும்பகுதி இந்நடைக்கே செலவிடப்பட்டது. அடி ஒத்து நடப்பதே பாடமாக இருந்த இடத்தில் கிரீனின் கால் அனைவர் கண்ணிலும் பட்டது.

கிரீன் மிகவும் புண்பட்டார். படையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவருடைய நண்பரும் வழக்கறிஞருமான ஜேம்ஸ் மிட்செல் வார்னம். இவர் நண்பருக்கு நேர்ந்த அவமதிப்பைப் பொறுக்காமல் தாமும் விலக எண்ணினார். கிரீன் அவருக்கு 1774 அக்டோபர் இறுதியில் மடல் எழுதினார். தம் மன வருத்தத்தை மறைக்காமல் அதில் கூறிய அவர், தம் பொருட்டு வார்னம் விலகினால் படை சிதறிவிடும் என்றும், அவ்வாறு செய்ய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். வார்னம் தலைவராக நீடித்தார். கிரீன் துப்பாக்கி ஏந்திய சாதாரண வீரராக வரிசையில் நின்றார். பட்டறை முதலாளியான ஒருவர், தம்மை நிராகரித்தவர்களின் கட்டளைக்கு நடை பயின்றது எளிதன்று.

அவருடைய துப்பாக்கி பாஸ்டனிலிருந்து வந்தது. பிரித்தானியக் காவலர் கண்ணில் படாமல் வண்டியில் வைக்கோலுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார் என்றும், அப்பயணத்திலேயே பிரித்தானியப் படையை விட்டு ஓடிவந்த வீரர் ஒருவரைப் பயிற்சி ஆசானாக அழைத்துவந்தார் என்றும் கூறப்படுகிறது. பாஸ்டனில் ஹென்றி நாக்ஸ் நடத்திய புத்தகக் கடையும் அவருக்குப் பழக்கமானது. (நாக்ஸ் பின்னாளில் வாஷிங்டனின் பீரங்கிப் படைத் தலைவரானார்.) சீசரின் போர்க் குறிப்புகளையும் பிரெஞ்சுத் தளபதி துய்ரேனின் நினைவுக் குறிப்புகளையும் அவர் படித்தார். பகலில் வரிசையில் நின்று கற்றதையும் இரவில் நூலில் படித்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு, நேரே அதிகாரியானவர்க்குக் கிட்டாதது.

1774 டிசம்பரில் குடிப்படைச் சட்டங்களைத் திருத்தும் குழுவில் சட்டமன்றம் அவரைச் சேர்த்தது. படையினர் அதிகாரியாக ஏற்க மறுத்தவரின் அறிவைச் சட்டமன்றம் அறிந்திருந்தது போலும்.

சிப்பாயிலிருந்து தளபதி

1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் சண்டை மூண்டது. செய்தி கிடைத்ததும் கென்டிஷ் காவலர் படை பாஸ்டனை நோக்கிப் புறப்பட்டது. கிரீனும் உடன் சென்றார். அரசரிடம் பற்றுடைய ஆளுநர் ஜோசப் வான்டன் படையைத் திரும்ப அழைத்தார். படை திரும்பியது. கிரீனும் வேறு சிலரும் மட்டும் குதிரையில் மேலே சென்று, பிரித்தானியர் பாஸ்டனுக்குப் பின்வாங்கிய செய்தியை அறிந்து ஊர் மீண்டனர்.

அடுத்து, 1,500 பேர் கொண்ட கண்காணிப்புப் படை ஒன்றைத் திரட்ட ரோட் ஐலண்ட் சட்டமன்றம் முடிவு செய்தது. மே மாதத்தில் அதன் தலைமை கிரீனுக்கு அளிக்கப்பட்டது. வார்னம் இப்போது அவருக்குக் கீழே கர்னலாகப் பணியாற்றினார். சிப்பாய் ஒருவர் ஒரே தாவலில் தளபதியானதன் காரணம் பற்றி வரலாற்றாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. குடிப்படைச் சட்டக் குழுவில் அவர் ஆற்றிய பணியும் குடும்பச் செல்வாக்கும் உதவியிருக்கலாம்.

பாஸ்டன் முற்றுகையில் ரோட் ஐலண்ட் படையின் பாசறை கூடாரங்களின் ஒழுங்கிற்காகப் பாராட்டப்பட்டது. 1775 ஜூன் 22 அன்று கண்டப் படையில், அதாவது குடியேற்றங்கள் அனைத்திற்கும் பொதுவான படையில், கிரீன் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். 1776 ஆகஸ்டில் மேஜர் ஜெனரல்.

முதல் பெரும் சோதனையில் அவர் தோற்றார். நியூயார்க்கில் வாஷிங்டன் கோட்டையைக் கைவிடாமல் காக்க முடியும் என்று அவர் உறுதியாக நம்பினார். 1776 நவம்பர் 16 அன்று கோட்டை வீழ்ந்தது. சுமார் 2,800 பேர் சிறைப்பட்டனர். அவர்களுள் பலர் சிறைக் கப்பல்களில் மாண்டனர். அவரை நீக்குமாறு எழுந்த கோரிக்கைகளை வாஷிங்டன் ஏற்கவில்லை. 1778 மார்ச் முதல் 1780 ஆகஸ்ட் வரை படையின் வண்டி, குதிரை, கூடாரம், பாதை ஆகியவற்றைக் கவனிக்கும் வழங்கல் துறைத் தலைமைப் பதவியை விருப்பமின்றி ஏற்றார். அதில் கற்றவை பின்னர் தெற்கில் பயன்பட்டன.

தெற்குப் போர்முனை

1780 டிசம்பரில் சார்லட் நகரில் தென்னகப் படையின் தலைமையை ஏற்றபோது பட்டியலில் சுமார் 2,300 பேரே இருந்தனர். முறையான ஆடையும் கருவியும் உடையோர் அவர்களுள் சுமார் 800 பேர். எதிரே நின்றவர் கார்ன்வாலிஸ். (பின்னாளில் இந்தியாவின் தலைமை ஆளுநராகி, 1792 இல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல், பாரமகால் பகுதிகளைப் பெற்றவர் இவரே.)

கிரீன் வழக்கத்திற்கு மாறாகத் தம் சிறு படையை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவை நடத்திய டேனியல் மார்கன் 1781 ஜனவரி 17 அன்று கவ்பென்ஸில் வென்றார். பயிற்சி குறைந்த குடிப்படையினரை முன்னே நிறுத்தி, சில முறை சுட்டதும் பின்வாங்க அனுமதித்தது அவருடைய உத்தி. பின்னர் கார்ன்வாலிஸ் துரத்த, கிரீன் ஆறு ஆறாகக் கடந்து பின்வாங்கினார். ஆறுகளை முன்கூட்டியே அளந்து படகுகளைச் சேர்த்து வைத்திருந்தமையால், பிப்ரவரி 14 அன்று படை முழுவதும் டேன் ஆற்றைக் கடந்தது.

மார்ச் 15 அன்று கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸ் போரில் கிரீன் மூன்று வரிசைகள் அமைத்தார். வட கரோலினா குடிப்படை முதலில், வர்ஜீனியா குடிப்படை அடுத்து, கண்டப் படை கடைசியில் நின்றது. களம் கார்ன்வாலிஸிடம் போயிற்று. ஆனால் அவர் சுமார் 1,900 பேரில் 500க்கும் மேற்பட்டோரை இழந்தார். அதன்பின் வர்ஜீனியா சென்று, அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் சரணடைந்தார். ஹாப்கிர்க் குன்றிலும் கிரீன் வெல்லவில்லை. நைன்ட்டி சிக்ஸ் முற்றுகையும் கைவிடப்பட்டது. எனினும் உள்நாட்டுக் கோட்டைகள் ஒவ்வொன்றாகப் பிரித்தானியர் கையை விட்டு நீங்கின. 1782 டிசம்பர் 14 அன்று அவர்கள் சார்ல்ஸ்டனையும் விட்டகன்றனர்.

குடிப்படையிலிருந்து வந்த கிரீனுக்குக் குடிப்படை மீது பெரிய நம்பிக்கை இல்லை. குறுகிய காலம் பணியாற்றி வீடு திரும்புவோரைக் கொண்டு நீண்ட போர் நடத்த இயலாது என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். ஆயினும் தெற்கில் அவர் பெற்ற பயன் பெரிதும் அவர்களாலும் உள்ளூர்க் கெரில்லாக் குழுக்களாலும் கிடைத்ததே.

இறுதிக் காலம்

படைக்கு உணவும் உடையும் பெற, ஒப்பந்தக்காரர் ஒருவரின் கடனுக்குக் கிரீன் பிணை நின்றிருந்தார். ஒப்பந்தக்காரர் நொடித்ததால் கடன் அவர் தலையில் விழுந்தது. நன்றிக் கொடையாக ஜார்ஜியா அளித்த மல்பெரி குரோவ் தோட்டத்தில் 1785 இல் குடியேறினார். அடிமைகளின் உழைப்பில் இயங்கிய தோட்டம் அது. அடிமைகளுக்கு விடுதலை அளித்துப் படையில் சேர்க்கலாம் என்று போர்க்காலத்தில் தென் கரோலினாவுக்குப் பரிந்துரைத்தவர் அவரே. அச்சட்டமன்றம் அதை ஏற்கவில்லை. அவ்வாறு எழுதியவர் பின்னர் தாமே அடிமைகளின் உரிமையாளரானது அவர் வாழ்வின் மறுக்க முடியாத முரண்.

1786 ஜூனில் கடும் வெயிலில் நோயுற்று, 19 ஆம் நாள் தம் 43 ஆம் வயதில் காலமானார். சவான்னா நகரில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறை எது என்பது காலப்போக்கில் மறந்து போய் 1901 இல் மீண்டும் கண்டறியப்பட்டது. 1902 இல் எச்சங்கள் அந்நகரின் ஜான்சன் சதுக்கத்திலுள்ள நினைவுத் தூணின் கீழ் வைக்கப்பட்டன. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. கென்டிஷ் காவலர் படை ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பட்டயம் பெற்ற குடிப்படைகளுள் ஒன்றாக ஈஸ்ட் கிரீனிச்சில் இன்றும் உள்ளது.