மரகதமும் அக்வாமரீனும் ஒரே கனிமமா? கற்களை அளந்து பார்த்த பாதிரியார் ஆயுயியின் கதை

மரகதம் அடர்பச்சை. அக்வாமரீன் வெளிர்நீலம். நகைக்கடையில் இரண்டுக்கும் பேர் வேறு, விலை வேறு. ஆனால் இரண்டுமே பெரில் என்கிற ஒரே கனிமம்தான். நிறத்தை ஓரம்கட்டிவிட்டு, படிகத்தின் கோணங்களை அளந்து இந்த உறவைக் காட்டியவர் பிரெஞ்சு பாதிரியார் ரெனே ஜூஸ்ட் ஆயுயி.

யார் இவர்?

1743-ல் வடக்கு பிரான்ஸில் ஒரு ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்தார். சிறுவனின் படிப்பு ஆர்வத்தைப் பார்த்த ஊர் மடத்துத் துறவிகள் கைகொடுக்க, பாரீஸில் படித்து, பாதிரியாராகவும் ஆசிரியராகவும் ஆனார். பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கிய வாலன்டைன் ஆயுயி இவருடைய தம்பி.

முதலில் ஆர்வமெல்லாம் செடி கொடிகள் மீதுதான். தொபாந்தோன் என்ற அறிஞரின் கனிமவியல் வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகு, கவனம் கற்கள் பக்கம் திரும்பியது.

கீழே விழுந்த கல்

நண்பர் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த கால்சைட் படிகம் கைதவறி விழுந்து உடைந்ததாகச் சொல்லப்படுகிறது. முழுசாக இருந்தபோது அது அறுகோணத் தூண். உடைந்த துண்டிலோ சாய்சதுர முகங்கள். விடுவாரா? தன்னிடமிருந்த வேறுவேறு வடிவ கால்சைட்களையும் உடைத்தார். எல்லாவற்றிலும் அதே வடிவம், அதே கோணங்கள்.

வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும், உள்ளே ஒரே மாதிரியான நுண்ணிய துண்டுகள் செங்கல் போல அடுக்கப்பட்டுள்ளன என்ற முடிவுக்கு வந்தார். 1784-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். படிகவியலுக்கு அடித்தளம் அதுதான்.

உயிர் தப்பியது எப்படி?

பிரெஞ்சுப் புரட்சியின்போது, புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த பாதிரியார்கள் கைதானார்கள். 1792 ஆகஸ்டில் ஆயுயியும் சிறைக்குப் போனார். அவருடைய இளம் மாணவர் ழோஃப்ருவா சாந்திலேர் அங்கும் இங்கும் அலைந்து விடுதலை உத்தரவு வாங்கினார். சில நாட்களிலேயே, செப்டம்பர் தொடக்கத்தில், பாரீஸ் சிறைகளில் கைதிகள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டனர்.

மரகதத்தில் என்ன கண்டார்?

மரகதம், பெரில் இரண்டின் படிகங்களும் அறுகோணத் தூண்கள்; கோணங்களும் ஒத்துப்போயின. அப்படியென்றால் உள்ளே இருக்கும் பொருளும் ஒன்றாகத்தானே இருக்கணும்? வேதியியலாளர் வோக்லெனிடம் சோதிக்கச் சொன்னார். 1798-ல் இரண்டிலுமே, அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு தனிமத்தின் ஆக்சைடு இருப்பதை வோக்லென் கண்டுபிடித்தார். அதுதான் பெரிலியம்.

இன்றைய அளவீடுகளும் இதையே சொல்கின்றன. இரண்டுக்கும் கடினத்தன்மை மோஸ் அளவில் 7.5 முதல் 8, ஒப்படர்த்தி சுமார் 2.7, ஒளிவிலகல் எண் சுமார் 1.58. மரகதத்துக்குப் பச்சை தருவது பெரும்பாலும் குரோமியம். அக்வாமரீனுக்கு நீலம் தருவது இரும்பு. கலந்திருக்கும் துளியளவு உலோகம்தான் வித்தியாசம்.

பட்டை தீட்டிய கல் என்றால்?

பட்டை தீட்டினால் இயற்கையான முகங்கள் போய்விடும். உடைத்தும் பார்க்க முடியாது. அதற்காகவே 1817-ல், ரத்தினங்களின் இயற்பியல் பண்புகள் பற்றித் தனிப் புத்தகம் எழுதினார் ஆயுயி. எடை, கடினத்தன்மை, ஒளி உள்ளே போகும் விதம், சூடாக்கினாலோ தேய்த்தாலோ மின்னேற்றம் வருகிறதா என்பவையே அவர் நம்பிய சாட்சிகள்.

மாணிக்கத்தையும் சிவப்பு ஸ்பினலையும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஒரே சிவப்பு. ஆனால் மாணிக்கத்தின் கடினத்தன்மை 9, ஒப்படர்த்தி 4. ஸ்பினலுக்கு 8, 3.6. மாணிக்கம் ஒளியை இரண்டாகப் பிரிக்கும், ஸ்பினல் பிரிக்காது. பிரிட்டிஷ் மகுடத்தில் இருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' உண்மையில் ஸ்பினல்தான்!

கடைசிக் காலம்

நெப்போலியன் வீழ்ந்த பிறகு ஓய்வூதியம் பறிபோனது. சிரமத்திலேயே 1822-ல் பாரீஸில் காலமானார். ஈபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் இவருடையதும் ஒன்று. இன்றும் ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும் கல்லுக்கு ஒளிவிலகல் எண்ணும் ஒப்படர்த்தியும் அளக்கிறார்கள். நிறத்தை மட்டும் பார்த்துச் சான்றிதழ் தருவதில்லை.