இரட்டைமலை சீனிவாசன் : தொழிலும் விருப்பமும்

ஒரு சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலில் நிற்கக் காண்போர், அவர்கள் அதனையே விரும்புகின்றனர் என்று எளிதில் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு பொருந்துமா என்று ஆராய்வார்க்கு உரைகல்லாக விளங்குவது திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் வாழ்வாகும்.

பிறந்த மண்

உத்திரமேரூர், மானாம்பதி, மதுராந்தகம் முதலிய ஊர்களைக் கொண்டிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். ஏரிப்பாசனத்தால் நெல் விளைந்த அப்பகுதியில் நிலம் மிராசுதாரர் கையில் இருந்தது. உழைப்போ ஆதிதிராவிட மக்களுடையதாக இருந்தது. மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் 1891-இல் அரசுக்கு அளித்த அறிக்கை அந்நிலையை விளக்குகின்றது. படியாள் பெற்ற சிறு கடன் அவனைப் பண்ணையோடு பிணைத்தது. அவன் குடியிருந்த மனையும் மிராசுதாரருக்கே உரியதாகையால், வேறு வேலை நாடினால் குடிசையையும் இழக்க நேர்ந்தது. தரிசு நிலம் வேண்டி விண்ணப்பித்தாலோ மிராசுதாரருக்கே முன்னுரிமை. இவ்வறிக்கையின் பயனாக 1892-இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு வழிவகுத்தது.

விருப்பத்தோடு செய்யும் தொழிலில் ஒருவனை நிறுத்தக் கட்டுக்கயிறு எதற்கு? இவ்வினாவே சீனிவாசனாரின் வாழ்வு முழுவதும் ஊடுருவி நிற்கின்றது.

கல்வியும் அச்சமும்

கோயம்புத்தூரில் பயின்ற காலத்தில், தம் சாதியை உடன் பயில்வோர் அறிந்துவிடுவரோ என அஞ்சி, அவர் பள்ளிக்கு வெளியிலேயே படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவாராம். மாலையில் விரைந்து வீடு திரும்பிவிடுவாராம். கல்வியில் நாட்டமில்லாதவர் இவ்வளவு துன்பத்தைப் பொறுத்திருப்பாரா? பின்னர் நீலகிரியில் ஆங்கிலேயர் வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றினார். ஏர் பிடிக்கவே பிறந்தவர் எனக் கருதப்பட்ட குலத்தில் தோன்றியவர், வாய்ப்புக் கிட்டியதும் ஏடு பிடித்தார்.

1893-இல் சென்னையில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாக வழங்கப்பட்ட பெயரையே துணிந்து தம் இதழுக்குச் சூட்டினார். அவ்வாண்டில், குடிமைப்பணித் தேர்வினை இங்கிலாந்தோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தபோது அதனை எதிர்த்து, 3,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை இங்கிலாந்து நாடாளுமன்றத்திற்கு அனுப்பினார். இதனைப் பலர் அன்று குறை கூறினர். ஆயின் அவர் கண்ட உண்மை ஒன்றுண்டு: பள்ளிக்கதவு சிலருக்கே திறந்திருக்கும் நாட்டில் தேர்வுக்கதவை மட்டும் அகலத் திறப்பின், அதன் வழியே அச்சிலரே புகுவர், பிற்படுத்தப்பட்டோர் மீது அவர்தம் அதிகாரமே ஓங்கும்.

கடல் கடந்து

பின்னர் அவர் தென்னாப்பிரிக்கா சென்று, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். செங்கற்பட்டு, வடஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் அங்கு மிகுதி. அவர்தம் மக்களுள் எழுத்தரும் ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் தோன்றினர். ஒப்பந்தம் முடிந்தோர் தோட்டக்கூலியை விட்டு விலக முற்பட்டபோது, அவர்களை மீண்டும் ஒப்பந்தத்திற்கோ தாயகத்திற்கோ தள்ளும்பொருட்டு 1895-இல் நேட்டால் அரசு மூன்று பவுன் தலைவரி விதித்தது. 1914-இல்தான் அவ்வரி நீங்கியது. இங்கே கடன், அங்கே வரி. பெயர் வேறாயினும் கயிறு ஒன்றே.

சட்டமன்றத்தில்

1921-இல் தாயகம் திரும்பியவர், 1923-இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச்சாலை, கிணறு, அலுவலகம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924-இல் கொணர்ந்து நிறைவேற்றினார். அலுவலகம் இருக்கும் தெருவில் நடக்கக்கூடாதவன் அவ்வலுவலகத்தில் பணியேற்பது எங்ஙனம்? இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் அண்ணல் அம்பேத்கருடன் கலந்துகொண்டு ஒடுக்கப்பட்டோர்க்காக வாதாடினார். 18-9-1945 அன்று மறைந்தார்.

நாம் கொள்ளும் பாடம்

விருப்பம் என்பதே இல்லை என்பதன்று. கீழக்கரை, காயல்பட்டினம் முஸ்லிம்களின் கடல் வணிகத்தில் மரபும் ஆர்வமும் உண்டு. ஆயின் முஸ்லிம்கள் அரசுப்பணியை விரும்புவதில்லை என்று கூறி அமைவது தகாது. அரசுப்பணிகளில் அவர்தம் பங்கு மக்கள்தொகை விகிதத்தினும் மிகக் குறைவு என 2006-இல் சச்சார் குழு எடுத்துக்காட்டியது. 2007-இல் தமிழகம் 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியது. கதவு திறந்த பின்னும் நுழையாதிருப்பின், அப்போது நம் விருப்பத்தையும் முயற்சியையும் நாமே வினவிக்கொள்ளல் வேண்டும்.

பிறர் தொழிலைக் கண்டு அவர்தம் மனத்தை அளக்குமுன், அவர்தம் காலில் கயிறு உண்டா என்று காண்க. கோழியாளத்துச் சான்றோர் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே.