முன்வரிசைச் சிறுவன்

ஒரு கோயிலில் சொற்பொழிவு நடந்துகொண்டிருந்தது. பேசியவர் கிருபானந்த வாரியார். இடையிடையே பேச்சை நிறுத்தி, முன்வரிசையில் இருக்கும் சிறுவர்களிடம் கேள்வி கேட்பது அவர் வழக்கம். அன்று, முருகனின் தந்தை யார் என்று கேட்டார். ஒரு சிறுவன் எழுந்து, சிவாஜி என்றான். கூட்டம் சிரித்தது. திரைப்படத்தில் சிவபெருமானாக நடித்தவர் சிவாஜி கணேசன் அல்லவா? சிறுவனின் முகம் வாடிவிட்டது.

வாரியார் சிரிக்கவில்லை. காந்தியைக் காந்திஜி என்றும் நேருவை நேருஜி என்றும் சொல்கிறோமே, அதுபோல் இவன் சிவனை மரியாதையாகச் சிவாஜி என்கிறான் என்று விளக்கினார். அவரைப் பற்றி இன்றும் பலர் சொல்லி மகிழும் நிகழ்ச்சி இது.

வாரியார் 1906இல் வேலூருக்கு அருகிலுள்ள காங்கேயநல்லூரில் பிறந்தார். அவர் பள்ளிக்கூடம் சென்று படித்தவர் அல்லர். தந்தை மல்லையதாசரே அவருக்கு ஆசிரியர். சிறு வயதிலேயே ஆயிரக்கணக்கான பாடல்களை மனப்பாடம் செய்தார். 18 வயதில் தனியாகச் சொற்பொழிவாற்றத் தொடங்கினார்.

புராணக் கதைகளை அறிஞர்களுக்காக மட்டும் அவர் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியவேண்டும், குழந்தைக்கும் சிரிப்பு வரவேண்டும், அப்படித்தான் பேசினார். இது எளிதான வேலை அன்று. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களும் அவரை நேரில் கேட்டு மகிழ்ந்தனர். நேரில் வர இயலாதவர்களின் வீடுகளுக்கு வானொலியும் ஒலிநாடாவும் அவர் குரலைக் கொண்டுசென்றன. சிறுவர்களுக்காகக் குட்டிக் கதைகளும் எழுதினார்.

1993 நவம்பர் 7ஆம் நாள், லண்டனிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் விமானத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 87.