புதுச்சேரி முற்றுகை: பட்டினியோடு போராடிய படை, சொந்த நாட்டிலேயே தலை வெட்டப்பட்ட தளபதி... யார் இந்த லாலி?

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போகிறவர்கள் காந்தி சிலைக்கு எதிரே இருக்கும் பிரெஞ்சு போர் நினைவுச் சின்னத்தைப் பார்க்காமல் வர முடியாது. 1938-ல் திறக்கப்பட்ட இது, முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது. வருஷா வருஷம் ஜூலை 14 அன்று விளக்கு அலங்காரம், மலர் வளையம் எல்லாம் நடக்கும்.

ஆனால் அந்தப் போரில் குண்டுகள் விழுந்தது எங்கோ ஐரோப்பாவில். இதே ஊர் மதிலுக்குள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, நாய்களையும் குதிரைகளையும் தின்று போராடிய ஒரு படை இருந்தது. அவர்களுக்கு இங்கே பெயர் சொல்லும்படி ஒரு நினைவுச் சின்னம் இல்லை. அந்தப் படையின் தளபதிதான் லாலி.

யார் இந்த லாலி?

முழுப் பெயர் தாமஸ் ஆர்தர் லாலி. 1702-ல் பிரான்சில் பிறந்தவர். அப்பா அயர்லாந்துக்காரர். இங்கிலாந்தில் அரியணை இழந்த ஸ்டூவர்ட் மன்னர் பரம்பரையின் விசுவாசி என்பதால் நாட்டை விட்டு வந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர். ஆங்கிலேயர் மீதான கோபம் லாலிக்குக் குடும்பச் சொத்து மாதிரி வந்து சேர்ந்தது.

1745-ல் ஃபோன்டெனாய் போர்க்களத்தில் அவர் தன் ஐரிஷ் படைப்பிரிவோடு காட்டிய வீரத்தைப் பார்த்து, மன்னர் பதினைந்தாம் லூயி களத்திலேயே பதவி உயர்வு கொடுத்தார். அடுத்து ஸ்காட்லாந்து போய், ஸ்டூவர்ட் இளவரசருக்காகவும் சண்டை போட்டார். துணிச்சலில் குறையே சொல்ல முடியாது. வாயும் கோபமும்தான் அவருக்கு எதிரி.

புதுச்சேரிக்கு வந்தது எப்படி?

ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். இந்தியாவில் இருந்து ஆங்கிலேயரைத் துரத்த வேண்டும் என்ற உத்தரவோடு 1758 ஏப்ரல் 28-ல் லாலி புதுச்சேரியில் இறங்கினார். வந்த வேகத்தில் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை முற்றுகையிட்டு, ஜூன் 2-ல் பிடித்துவிட்டார்.

இதற்கு ஊர் மக்கள் கொடுத்த விலை பெரிசு. படைக்குச் சுமை தூக்க ஆள் கிடைக்காததால், சாதி, தொழில் எதையும் பார்க்காமல் புதுச்சேரிவாசிகளைப் பிடித்து மூட்டை சுமக்க வைத்தார். இந்த ஊரின் பழக்கவழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை அவருக்கு இல்லை. கம்பெனி அதிகாரிகள் எல்லாரையும் திருடர்கள் என்றே நினைத்தார், அதை முகத்துக்கு நேராகவே சொல்லவும் செய்தார்.

கையில் பணம் இல்லாததால், பழைய கடன் பத்திரம் ஒன்றைக் காட்டி வசூலிக்கத் தஞ்சாவூர் மன்னர் பிரதாப சிங் மீது படையெடுத்தார். போகும் வழியில் நாகூர் கொள்ளையடிக்கப்பட்டது. கீழ்வேளூரில் கோயில் பிராமணர்களை உளவாளிகள் என்று சந்தேகித்து பீரங்கி வாயில் வைத்துச் சுட்டதாக, அந்தக் காலத்துப் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம் பதிவு செய்திருக்கிறார். லாலியை வெறும் அப்பாவித் தியாகி என்று எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தஞ்சைக் கோட்டை விழவில்லை. லாலி வெறுங்கையோடு திரும்பினார்.

1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து நின்றதும் பின்வாங்க வேண்டியதாயிற்று. பல மாதச் சம்பளம் பாக்கி விழ, 1759 அக்டோபரில் அவருடைய பிரெஞ்சு வீரர்களே கலகம் செய்தார்கள். 1760 ஜனவரி 22, வந்தவாசி. அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படையிடம் தோல்வி. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கைதானார். அதன்பின் காரைக்கால் உள்பட ஒவ்வொரு ஊராகப் போய், முக்கியமாக மிஞ்சியது புதுச்சேரிதான்.

முற்றுகையில் என்ன நடந்தது?

இன்று வைத்திக்குப்பம் இருக்கும் இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாசிமகத்துக்கு மயிலம் முருகன் உள்பட பல ஊர் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்குமே, அதே கடற்கரைதான். அன்றைய கோட்டை நகரத்துக்கு வடக்கே, மதிலுக்கு வெளியே இருந்த பகுதி இது. மேற்கே உழவர்கரை, வில்லியனூர், தெற்கே அரியாங்குப்பம். தரைப்பக்கம் எல்லாவற்றையும் ஆங்கிலேயப் படை வளைத்துக்கொண்டது. கடலில் அவர்களுடைய கப்பல்கள். பிரெஞ்சுக் கடற்படையோ 1759 செப்டம்பர் சண்டைக்குப் பிறகு மொரீசியஸ் பக்கம் போனது, திரும்பி வரவே இல்லை. ஹைதர் அலி அனுப்பிய உதவிப் படையும் வந்த கொஞ்ச நாளிலேயே மைசூருக்குத் திரும்பிவிட்டது.

செப்டம்பரில் லாலி ஒரு ராத்திரி வெளியே வந்து தாக்கிப் பார்த்தார். பலிக்கவில்லை. அப்புறம் பசிதான் போரை நடத்தியது.

நவம்பர் கடைசியில், தானியத்தை மிச்சம் பிடிக்க உள்ளூர் மக்கள் சுமார் 1,400 பேரைக் கோட்டைக்கு வெளியே தள்ளினார் லாலி. ஆண், பெண் எல்லாரும்தான். ஆங்கிலேயர்கள் அவர்களை விடாமல் கோட்டைப் பக்கமே திருப்பி விரட்டினார்கள். கோட்டையும் கதவைத் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் துப்பாக்கி, நடுவில் அந்த ஜனங்கள். புல்லின் வேரைப் பிடுங்கித் தின்று ஒரு வாரம் போல அங்கேயே கிடந்தார்கள். கடைசியில் கூட் வழிவிட்டார். முற்றுகை பற்றிய கதைகளில் இவர்களில் ஒருவர் பெயரும் கிடையாது.

உள்ளே இருந்த வீரர்கள் குதிரை, ஒட்டகம், யானை, நாய் என்று கிடைத்ததைத் தின்றார்கள். 1761 புத்தாண்டு விடியும் நேரத்தில் ஒரு பெரும் புயல். கடலில் முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்கள் மூழ்கியும் கரை ஒதுங்கியும் போயின. சுமார் 1,100 பேர் செத்தார்கள். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமைந்திருக்காது. அந்த வாரம் பிரெஞ்சுக் கப்பல் நாலு வந்திருந்தால்கூட கதை மாறியிருக்கலாம். வரவில்லை. ஒரு வாரத்தில் ஆங்கிலேயர் மீண்டும் கடலை அடைத்துவிட்டார்கள்.

ஜனவரி 16-ல் புதுச்சேரி சரணடைந்தது. அணிவகுத்து நின்ற சுமார் 1,100 வீரர்களைக் கூட் பார்வையிட்டார். ஒரு காலத்தில் படையிலேயே வாட்டசாட்டமாக இருந்த லாலி ரெஜிமென்ட், லோரேன் ரெஜிமென்ட் ஆட்கள்தான் அன்று ரொம்பவும் உருக்குலைந்து நின்றார்கள் என்று ஓர்ம் எழுதுகிறார். ஊரின் அன்றாடத்தைப் பல வருஷம் நாட்குறிப்பாக எழுதிவந்த துபாஷி ஆனந்தரங்கம் பிள்ளை இறந்ததும் இதே ஜனவரியில்தான்.

உடம்பு முடியாமல் பல்லக்கில் வெளியேறிய லாலியைச் சொந்த அதிகாரிகளே கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். ஆங்கிலேயர்கள் ஊரையும் கோட்டையையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

பிரான்சில் மரண தண்டனை ஏன்?

போர்க் கைதியாக லண்டன் கொண்டுபோகப்பட்ட லாலிக்கு, பிரான்சில் தன்னைத் துரோகி என்கிறார்கள் என்ற தகவல் வந்தது. ஆங்கிலேயரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பதில் சொல்லத் தானாகவே பாரீஸ் போனார். ஓடி ஒளிய நினைப்பவர் செய்கிற வேலையா இது? 1762-ல் பாஸ்டில் சிறையில் அடைத்தார்கள்.

புதுச்சேரி இயேசு சபைத் தலைவராக இருந்த பாதிரியார் லாவூர், லாலியைப் பற்றி இரண்டு அறிக்கை எழுதி வைத்திருந்தாராம். ஒன்று புகழ்ந்து, இன்னொன்று திட்டி. அவர் இறந்த பிறகு, திட்டிய அறிக்கை மட்டும் வழக்கில் பயன்படுத்தப்பட்டது என்கிறார் எழுத்தாளர் வால்டேர்.

மன்னரின் நலனைக் காட்டிக்கொடுத்தார் என்று தீர்ப்பு. 1766 மே 9-ல், 64 வயது லாலியின் வாயை அடைத்து, வண்டியில் ஏற்றிப்போய், பாரீஸ் சதுக்கத்தில் பொதுமக்கள் முன்னால் தலையை வெட்டினார்கள். காசு வாங்கிக்கொண்டு கோட்டையைக் கொடுத்தார் என்பதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. கப்பலும் பணமும் அனுப்பாத அரசுக்கு, தோல்விக்குப் பொறுப்பேற்க ஓர் ஆள் தேவைப்பட்டார். எல்லாரையும் பகைத்துக்கொண்ட லாலி அதற்குத் தோதாக அமைந்துவிட்டார்.

தன் அப்பா யார் என்பதே மகன் ட்ரோஃபீமுக்கு அந்தச் சாவுக்கு முதல் நாள்தான் தெரியும் என்பார்கள். அப்போது வயது 15. வளர்ந்ததும் வால்டேர் துணையோடு வழக்கைத் திறக்கப் போராடினார். 1778 மே மாதம் மன்னரின் சபை தீர்ப்பை ரத்து செய்தது. சாகக் கிடந்த வால்டேருக்குச் சில நாள் முன்பு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. ஆனால் மறுவிசாரணை நடத்திய மாகாண நீதிமன்றங்கள் லாலியை முழுசாக விடுவிக்கவே இல்லை.

புதுச்சேரி 1765-ல் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1748-ல் ஆங்கிலேய முற்றுகையை முறியடித்த கவர்னர் துய்ப்ளேவுக்குக் கடற்கரையில் சிலை இருக்கிறது. லாலிக்கு ஒரு தெரு. அவருடைய வீரர்கள் கடைசியாக அணிவகுத்து நின்ற கோட்டை இருந்த இடத்தில்தான் இன்றைய பாரதி பூங்கா இருக்கிறது.