கிருஷ்ணதேவராயர் குதிரை வாங்கிய கதை

சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்டுவிட்டு, ஆனை விலை குதிரை விலை சொல்கிறானே என்று முணுமுணுத்துக்கொண்டு வருகிறோம். ஆனை விலை இருக்கட்டும். குதிரை விலை எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

தெனாலிராமன் கதைகளில் வரும் அதே ராயர்தான். பெங்களூரில் உள்ள தமிழர்கள் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் ஹொசப்பேட்டையில் இறங்கலாம். அங்கிருந்து 13 கிலோ மீட்டரில் ஹம்பி. அங்கே ஹசார ராமர் கோவில் மதிலைச் சுற்றி வரிசை வரிசையாகக் குதிரைகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ராயர் பிறப்பதற்கு முன்பே கட்டிய கோவில் அது. அந்த ஊருக்குக் குதிரைப் பைத்தியம் ராயர் காலத்தில் பிடித்தது அல்ல.

ஆட்டின் கண்கள்

ராயரின் தந்தை துளுவ நரச நாயக்கர். தாயார் நாகலாதேவி. மூத்தாள் மகனான வீர நரசிம்மர் முதலில் ஆண்டார். அவர் சாகக் கிடந்தபோது, தன் சிறு மகனுக்குப் பட்டம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, தம்பி கிருஷ்ணரின் கண்களைப் பிடுங்கி வரும்படி அமைச்சர் திம்மரசுக்கு உத்தரவு போட்டாராம். திம்மரசு தம்பியை மறைத்து வைத்துவிட்டு, ஆட்டின் கண்களைக் கொண்டுபோய்க் காட்டினார். அண்ணன் நிம்மதியாகக் கண்ணை மூடினார். தம்பி 1509-ல் பட்டத்துக்கு வந்தார்.

இதை எழுதி வைத்தவர் நூனிஸ் என்ற போர்ச்சுக்கீசியர். ராயர் இறந்து சில ஆண்டுகள் கழித்து விஜயநகரத்தில் தங்கியிருந்த குதிரை வியாபாரி அவர். ஆகவே குதிரைக் கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும்.

பயஸ் என்ற இன்னொரு போர்ச்சுக்கீசியர் ராயரை நேரிலேயே பார்த்தவர். நடுத்தர உயரம், சிவந்த மேனி, முகத்தில் அம்மைத் தழும்பு என்று எழுதுகிறார். ராயர் விடியுமுன் எழுந்து நல்லெண்ணெய் குடிப்பார். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பளு தூக்கி, வாள் சுழற்றி, மல்லர்களோடு மல்லுக்கட்டி எண்ணெயை வியர்வையாக வெளியேற்றுவார். பிறகு குதிரை ஏறி மைதானத்தில் பொழுது விடியும்வரை சவாரி. அதற்குப் பிறகுதான் குளியல்.

வாலுக்கும் பணம்

தென்னாட்டுத் தட்பவெப்பத்தில் நல்ல போர்க்குதிரை வளர்வதில்லை. உள்நாட்டுக் குதிரை உருவத்தில் சிறியது. வடக்கே இருந்த சுல்தான்களின் குதிரைப்படையை எதிர்த்து நிற்க அரபு, பாரசீகக் குதிரைகள்தான் வேண்டும். அவை ஓர்மஸ், ஏடன் துறைமுகங்களிலிருந்து பருவக்காற்றைப் பார்த்துக் கப்பலில் வர வேண்டும்.

இது பாண்டியர் காலத்திலிருந்தே உள்ள தலைவலி. ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் பாண்டிய மன்னர் வாங்குவதையும், வருடக் கடைசியில் 100 கூட மிஞ்சுவதில்லை என்பதையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். சரியான தீனி இல்லை. லாடம் அடித்து வைத்தியம் பார்க்கிற ஆள் இல்லை. இருந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று அப்படிப்பட்ட ஆட்களை வியாபாரிகள் இங்கே வரவிடுவதே இல்லையாம்!

கப்பலிலும் குதிரைகள் செத்தன. ராயருக்கு முன்பு விஜயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மர் இதற்கு ஒரு வழி செய்தார். உயிரோடு வந்தாலும் செத்தாலும் மூன்று குதிரைக்கு 1,000 பர்தாவ். கடலில் செத்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும், முழுப் பணம் உண்டு. பர்தாவ் என்பது நம் வராகனுக்குப் போர்ச்சுக்கீசியர் வைத்த பெயர். ஒரு வராகனில் சுமார் 3.4 கிராம் தங்கம். கணக்குப் போட்டால் ஒரு குதிரைக்கு ஒரு கிலோவுக்கு மேல் தங்கம் ஆகிறது.

பார்சல் அனுப்புகிறவர்களுக்கு இது புரியும். வழியில் சேதம் ஆனால் யார் பொறுப்பு என்பதில்தான் சண்டையே வரும். சாளுவ நரசிம்மர் பொறுப்பு முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதனால் குதிரைக் கப்பல்கள் அவரைத் தேடி வந்தன.

கோவா வாசல்

ராயர் பட்டத்துக்கு வந்த மறு ஆண்டே, 1510-ல், போர்ச்சுக்கீசிய கவர்னர் அல்புகர்க் கோவாவைப் பிடித்தார். 1515-ல் ஓர்மசும் அவர் கைக்கு வந்தது. அனுப்புகிற ஊரும் இறக்குகிற ஊரும் ஒருவர் கையில்! குதிரைக் கப்பல் எதுவானாலும் கோவாவுக்குத்தான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்.

1,000 குதிரைகளைத் தனக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று ராயர் பணம் தருவதாகச் சொன்னார். அல்புகர்க் ஒப்பவில்லை. பிறகு அவரே, ஆண்டுக்கு 30,000 குருசாதோ பொற்காசு கொடுத்தால் எல்லாக் குதிரையும் உங்களுக்கே என்று ராயருக்கு எழுதினார். அதே சமயம் பிஜப்பூர் அடில்ஷாவுக்கும் தூது போயிற்று. கோவாவுக்கு எதிர்க்கரை நிலத்தைக் கொடுத்தால் எல்லாக் குதிரையும் உங்களுக்கே! ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விலை பேசிய அல்புகர்க், எதுவும் முடிவாகுமுன் 1515 டிசம்பரில் இறந்துபோனார்.

யார் தலையில் விழுந்தது?

ராயர் ஆண்டுக்கு 13,000 குதிரை வாங்கினார் என்கிறார் நூனிஸ். பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை.

நல்ல குதிரைகளைத் தன் லாயத்துக்கு எடுத்துக்கொள்வார். மீதி உள்நாட்டுக் குதிரைகளை ஐந்துக்கு 1,000 பர்தாவ் என்று தன் தளபதிகளுக்கே விற்றுவிடுவார். செப்டம்பர் மாதத்துக்குள் பணம் கட்டியாக வேண்டும். அந்தப் பணத்தைக் கொண்டு போர்ச்சுக்கீசியருக்கு அரபுக் குதிரைக் கடன் தீரும். கஜானாவிலிருந்து ஒரு காசு வெளியே போகாது!

தெனாலிராமன் கதையிலும் ராயர் குதிரைகளை வளர்க்கச் சொல்லி ஆளுக்கு ஒன்று கொடுக்கிறார். ராமன் பட்டினி போட்டு வளர்த்த குதிரை, பார்வையிட வந்தவரின் தாடியைப் பிடித்துக்கொள்கிறது. அது கதைதான். ஆனால் வேண்டாத குதிரை தலையில் கட்டப்பட்ட மனிதர்களின் எரிச்சல் அதில் தெரிகிறது. தளபதிகளாவது தங்கள் சீமையில் வரி வசூலித்துச் சமாளித்தார்கள். பத்தில் ஒன்பது பங்கைக் கொடுத்துவிட்டு ஒரு பங்கோடு நின்றவன் குடியானவன் என்றும் அதே நூனிஸ் எழுதுகிறார்.

ஆனாலும் ராயரின் கணக்கு வெறும் கஞ்சத்தனம் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கதையை அவர் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்று பாடினார். அதில் அரசனுக்குச் சொல்லும் யோசனைகளில் துறைமுகமும் குதிரையும் வருகின்றன. யானை, குதிரை கொண்டுவரும் தூர தேசத்து வியாபாரிகளுக்கு ஊரும் வீடும் நல்ல லாபமும் கொடுத்து அவர்களைத் தன் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அந்தச் சரக்கு பகைவனிடம் போகாது. ஆண்டாள் கதை எழுதும்போதும் அவருக்குக் குதிரை நினைவு போகவில்லை.

ராய்ச்சூர்

குதிரை வாங்கக் கொடுத்த பணத்தால் ஒரு யுத்தமே வந்தது. சையது மரைக்காயர் என்பவரிடம் ராயர் 40,000 பர்தாவ் கொடுத்துக் கோவாவுக்கு அனுப்பினார். அவர் பணத்தோடு பிஜப்பூர் எல்லைக்குள் போய்விட்டார். ஆளையும் பணத்தையும் அனுப்பச் சொல்லி ராயர் எழுதினார். அடில்ஷா அனுப்பவில்லை. ராய்ச்சூர் கோட்டைமீது ராயருக்கு ஏற்கெனவே கண் இருந்தது. அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, கிடைத்தது என்றே தோன்றுகிறது.

1520-ல் போர். அடில்ஷாவின் பீரங்கிகள் முழங்கியதும் ராயரின் முன்வரிசை சிதறி ஓடியது. ராயர் தன் மோதிரத்தைக் கழற்றி ஒரு பணியாளிடம் கொடுத்து, நான் இறந்ததற்கு அடையாளமாக ராணிகளிடம் காட்டு என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறி முன்னால் பாய்ந்தார். போரின் போக்கே மாறியது. 4,000 போர்க்குதிரைகளும் 100 யானைகளும் அகப்பட்டன.

பிறகும் கோட்டை பணியவில்லை. அப்போது 20 துப்பாக்கி வீரர்களோடு முகாமுக்கு வந்தவர் கிறிஸ்டோவாவோ டி பிகுரெடோ. அவரும் குதிரை விற்க வந்தவரே! அவர்கள் மதில்மேல் நின்றவர்களைச் சுட, கோட்டைத் தலைவர் நெற்றியில் குண்டு பாய்ந்து விழுந்தார். கோட்டை திறந்தது. லாபம் கொடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்ட வியாபாரி சமயத்தில் உதவினார்.

கடைசி நாட்கள்

ராயர் தன் ஆறு வயது மகனுக்குப் பட்டம் கட்டினார். சில மாதங்களில் பிள்ளை இறந்தான். திம்மரசின் மகன் விஷம் வைத்தான் என்று யாரோ சொல்ல, ராயர் நம்பிவிட்டார். திம்மரசின் கண்கள் பிடுங்கப்பட்டன. அன்று ஆட்டின் கண்களைக் காட்டி ராயரைக் காப்பாற்றிய அதே திம்மரசு!

1529-ல் ராயர் காலமானார். தம்பி அச்சுதராயர் பட்டத்துக்கு வந்தார். 1565 போரில் சுல்தான்கள் ஒன்றுசேர்ந்து விஜயநகரத்தை அழித்தார்கள்.

1567-ல் வெனிஸ் வியாபாரி சீசர் பிரெடரிக், 300 அரபுக் குதிரைகளோடு போன இரண்டு வியாபாரிகளுடன் அந்த ஊருக்கு வந்தார். இடிபாடுகளுக்கு நடுவே திருமலராயர் ஆண்டுகொண்டிருந்தார். போரில் பறிபோன அரண்மனை முத்திரைக் குதிரைகளைக் கொண்டுவந்தால் கேட்ட விலை தருவதாக அவர் சொல்லியிருந்தார். குதிரைகள் வந்து சேரும்வரை இனிக்க இனிக்கப் பேசினார். இனி வராது என்று தெரிந்ததும், ஒரு காசும் கொடுக்காமல் வியாபாரிகளைப் போகச் சொல்லிவிட்டார். அவர்கள் பித்துப் பிடித்தவர்களைப் போல் நின்றதைப் பிரெடரிக் எழுதி வைத்திருக்கிறார்.

கோவாவில் குதிரை வரி வருமானமும் படுத்துவிட்டது.