துறைமுக குமாஸ்தா சீமைக்குப் போனார்

1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி. சென்னைத் துறைமுகத்தில் இருந்து நெவாசா என்ற கப்பல் சீமைக்குப் புறப்பட்டது.

அதில் ஏறிய ஒரு வாலிபருக்கு வயது 26. குடுமியை எடுத்து கிராப்பு வைத்திருந்தார். கழுத்தில் காலர், டை. காலில் பூட்ஸ். எல்லாமே புதிது. இந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாம் என்று தாயாரையும் மனைவியையும் முன்பே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார்.

அவர்தான் கணித மேதை ராமானுஜன்.

30 ரூபாய் சம்பளம்

துறைமுகம் அவருக்குப் பழகிய இடம். 1912-ல் அங்கே கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய் சம்பளம். பட்டம் கிடையாது. கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் தொடவே மாட்டார். பிறகு காலேஜில் எப்படித் தேறுவது?

துறைமுகத்தில் கிடக்கும் பார்சல் காகிதங்களைத் தேடி எடுத்து, அதில் கணக்குப் போடுவாராம். (பக்கத்தில் உள்ள ராயபுரத்தில் 1993-ல் அவர் பெயரில் ஒரு காட்சிசாலை தொடங்கப்பட்டது.)

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதைப் பார்த்து அசந்துபோன ஹார்டி, புறப்பட்டு வரும்படி அழைத்தார். சென்னை சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தது.

புளியும் போர்வையும்

கேம்பிரிட்ஜில் குளிர் அவரை வாட்டியது. இரவில் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் விரித்திருந்த கம்பளிகளின் மேலேயே படுத்து நடுங்கினார். கம்பளிக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை! அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் என்ற வங்காளி மாணவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

மாமிசம் சமைத்த பாத்திரத்தில் அவர் சாப்பிட மாட்டார். அறையிலேயே தானே சமைத்தார். புளி சென்னையிலிருந்து வரவேண்டும். போன சில மாதத்தில் உலகப் போர் மூண்டது. காய்கறிக்கும் பஞ்சம்.

மனைவி ஜானகியின் கடிதங்களும் வரவில்லை. அவற்றை மாமியார் நடுவிலேயே எடுத்துவிட்டார் என்கிறார்கள்.

வழி எங்கே?

இவற்றைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. அது, எழுதுவது.

ஊரில் அவர் பலகையில் கணக்குப் போடுவார். முழங்கையால் அழிப்பார். விடையை மட்டும் நோட்டில் குறிப்பார். காகிதம் வாங்கக் காசு ஏது? சீமையில் அது செல்லவில்லை. விடை சரியாக இருந்தால் போதாது. வந்த வழியைப் படிப்படியாக எழுதினால்தான் பத்திரிகையில் போடுவார்கள். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. பகா எண்களைப் பற்றி அவர் ஹார்டிக்கு எழுதிய விடைகளில் சில தவறாகவே இருந்தன.

ஹார்டிக்கும் தர்மசங்கடம். அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தால் மேதையின் தன்னம்பிக்கை உடைந்துவிடும். சும்மா விட்டால் தவறுகள் தொடரும். ஆகவே சேர்ந்து வேலை செய்யும்போதே, தேவையானதைத் தேவையான இடத்தில் சொல்லிக் கொடுத்தார்.

ராமானுஜன் கற்றுக்கொண்டார். 1915-ல் வந்தது அவருடைய நீண்ட கட்டுரை. 60 பக்கத்துக்கு மேல்! 12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையாது. இப்படிப்பட்ட எண்களைப் பற்றிய ஆராய்ச்சி அது. வந்த வழியெல்லாம் அதில் வரிசையாக இருந்தது. 1916 மார்ச்சில் பி.ஏ. பட்டம் கிடைத்தது.

எழுத்து வசப்பட்டது; உடம்பு வசப்படவில்லை. 1917-ல் படுக்கையில் விழுந்தார். 1918-ல் ராயல் சொசைட்டி அங்கத்தினர் பதவி வந்தபோதும் நோயாளிதான். 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

கடைசி வருஷத்தில் படுத்தபடியே கணக்குப் போட்டார். அந்தத் தாள்கள் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்து, நூலகப் பெட்டியில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கண்டெடுத்தார். நூறு பக்கத்துக்கு மேல் விடைகள். வந்த வழியை மட்டும் ராமானுஜன் எழுதவில்லை.