முத்துக்குள் புழுவைத் தேடியவர்



உங்கள் வீட்டில் முத்துத் தோடு இருக்கிறதா? அந்த முத்து உண்டாகக் காரணமே ஒரு குடற்புழு என்று, நம் கடலை ஆராய்ந்த பெரிய விஞ்ஞானிகள் ஒரு காலத்தில் நம்பினார்கள். அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹார்னெல். நம் பக்கத்து முத்து, சங்கு, தோணி பற்றிப் படிக்கப் போனால் இவர் பெயர் வராமல் இருக்காது.

ஹார்னெல் 1865-இல் பிறந்தவர். 1902-இல் பேராசிரியர் ஹெர்ட்மனுக்கு உதவியாளராக இலங்கைக்கு வந்தார். மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் சில வருடம் கொழிக்கும். பிறகு பல வருடம் ஒன்றும் இருக்காது. ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஹெர்ட்மன் சில மாதங்களில் ஊர் திரும்பிவிட்டார். ஹார்னெல் தங்கிவிட்டார்.

சிப்பிகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளே நாடாப்புழுவின் இளம் பருவம் தெரிந்தது. அதை வைத்து அவர்கள் ஒரு சங்கிலி போட்டார்கள். சிப்பியைக் கிளாத்தி போன்ற மீன் தின்கிறது. அந்த மீனைத் திருக்கை தின்கிறது. திருக்கையின் குடலில் புழு வளர்ந்து முட்டையிடுகிறது. முட்டை கடலில் கலந்து, புழு மறுபடியும் சிப்பிக்குள் வருகிறது. சிப்பிக்குள்ளேயே செத்துப்போகும் புழுவின் மேல் சிப்பி பூசும் பூச்சுதான் முத்து! அப்படியானால் சிப்பியைத் தின்னும் மீனும் திருக்கையும்கூட முத்துக்கு வேண்டியவைதானே?

1905-இல் இலங்கைக் கரையில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். மறு வருடமே ஓர் ஆங்கிலக் கம்பெனி, வருடத்துக்கு 3,10,000 ரூபாய் என்று 20 வருடக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு முத்துப் பார்கள் வெறுமையாகிவிட்டன. குத்தகைக் காலம் முடியும் முன்பே கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒரு நல்ல வருடத்து வரவை நம்பி 20 வருடத்துக்குக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பது, வங்கியில் லெட்ஜர் எழுதியே தலை நரைத்த எனக்குத் தெரியாதா!

புழுக் கணக்கும் நிற்கவில்லை. பின்னால் வந்தவர்கள் பார்த்தபோது பெரும்பாலான முத்துக்களின் நடுவில் புழு இல்லை. சிப்பி ஓட்டின் உட்புறத்தை ஒட்டியிருக்கும் மெல்லிய சதையின் செல்கள் இடம் மாறி உள்ளே போனால்தான் முத்து உண்டாகிறது. 1973-இல் நம் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், அந்தச் சதையில் ஒரு துண்டையும் ஒரு மணியையும் சிப்பிக்குள் வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள்.

ஹார்னெலோ அந்தப் புழுவோடு நின்றுவிடவில்லை. சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்து, அதன் இயக்குநராகவும் ஆனார். சங்கு பற்றி 1914-இலும், நம் நாட்டுப் படகுகள் பற்றி 1920-இலும், இந்தப் பக்கத்து முத்துக்குளிப்பு பற்றி 1922-இலும் எழுதினார். 1949-இல் காலமானார். அவர் எழுதி வைத்திராவிட்டால், நம் கடற்கரையின் பல தொழில் விவரங்கள் நமக்குக் கிடைத்திருக்காது.

நம் ஊரில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961-இல். நம்மில் பலர் அதைப் பார்த்ததில்லை. முத்து பிறப்பது புழுவால் என்ற அவருடைய முடிவு தவறாகப் போயிருக்கலாம். ஆனால் சிப்பி, மீன், திருக்கை மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தது தவறில்லை. அடுத்த முறை மீன் ஏலத்தில் திருக்கையைப் பார்த்தால், அதன் குடலுக்குள் முத்தின் ரகசியத்தைத் தேடிய இந்த மனிதரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.